சட்டைப் பெட்டிக்கு ஒரு நெஞ்சு

அந்தக் கம்பெனி சட்டை தைத்து விற்றது. இப்படிச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். "நாங்கள் சட்டை விற்பதில்லை, ஓர் உணர்வை விற்கிறோம்" என்று வரவேற்பறைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த உணர்வுக்குக் காலர் இருந்தது, பொத்தான் இருந்தது, முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கவும் செய்தது.

அந்த வருஷத்து உணர்வு ஒரு வெள்ளைச் சட்டை. தைத்து, இஸ்திரி போட்டு, கோடவுனில் அடுக்கியும் ஆயிற்று. ஆனால் விற்பனைக்குப் போகவில்லை, பெட்டி தயாராகவில்லை. பெட்டி என்றால் நாலு பக்கமும் ஒரு மூடியும் என்று நினைப்பது நம்மைப் போன்றவர்களின் புத்தி. அங்கே பெட்டிக்கு முதலில் மனநிலை வேண்டும். அதற்கென்றே மனநிலைத் துறை என்று ஒன்று மேல்மாடியில் இருந்தது.

அங்கே செய்கிற மூட் போர்டு என்பது ஒன்றும் மந்திரமில்லை. பெரிய பலகை. செய்யப்போகிற பொருளைப் பார்க்கிறவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ள, படம், துணித்துண்டு, இலை, நூல் என்று பொருத்தமானதையெல்லாம் அதில் குத்தி வைத்துத் தள்ளி நின்று பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கையில் ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. இங்கே அதற்கு ஒரு துறை, துறைக்கு ஒரு மேடம், மேடத்துக்கு ஒரு குழு, எல்லாருக்கும் மேலாக ஊசிப் பொறுப்பாளர் என்று ஒருவர். பலகையில் ஊசி குத்தவும் பிடுங்கவும் அவர் ஒருவருக்குத்தான் அதிகாரம். ஊசி டப்பாவின் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டுதான் நடப்பார். பச்சை ஊசி குத்தினால் பரிசீலனை, நீல ஊசி என்றால் விவாதம், சிவப்பு ஊசி என்றால் தீர்மானம். சிவப்பு ஊசி குத்திய பொருளைப் பெட்டிக்கு ஒப்புதல் கிடைத்து அந்தச் சீசன் முடியும்வரை முதலாளியே வந்தாலும் பலகையிலிருந்து எடுக்க முடியாது.

மாதக்கணக்காகப் பச்சையும் நீலமும்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு கூழாங்கல், பாதி எலுமிச்சம்பழம், ஒட்டகத்தின் படம், யாரோ ஒருவருடைய ஒற்றைச் செருப்பு எல்லாம் பலகை ஏறிப் பார்த்துவிட்டன. எதிலும் மனநிலை இல்லை என்று மேடம் சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே பலகைதான் கோணல் என்று அதையும் ஒருமுறை மாற்றிப் பார்த்தாயிற்று.

கீழே பேக்கிங் பிரிவில் டேப்பு இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் வேறு. ஆனால் டேப் சுருளும் கையுமாகவே திரிந்ததில் அந்தப் பேர் அவருக்கே பாதி மறந்துவிட்டது. கசங்கக் கூடாத எந்தக் காகிதத்தையும் மேஜையில் வைக்கமாட்டார். ஒரு துண்டு டேப்பைக் கிழித்துச் சுவரில் ஒட்டிவிடுவார். பேக்கிங்காரர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம் இது. இந்தப் பழக்கம்தான் அவர் குடியைக் கெடுத்தது.

டேப்புவின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாக இருமல். ஊரூராகப் போகிற மருத்துவ முகாம் வண்டியில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். "வலப்பக்கம் ஒரு நிழல் இருக்கு. இப்பவே கவனிச்சா பொழைச்சுக்கலாம். இந்தப் படத்தை வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்க. மடக்கிடாதீங்க" என்று கையில் கொடுத்துவிட்டு வண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. நிழல் என்று பேர்தானே தவிர, படத்தில் அது புகை மாதிரி வெள்ளையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை படத்தை வாங்கிக்கொண்டு டேப்பு நேராக வேலைக்கு வந்தார். நல்ல மழை. வந்ததும் வராததுமாக மாதிரிப் பெட்டிகளை மேலே கொண்டுபோய் வை என்று உத்தரவு. படத்தின் உறை நனைந்து கூழாகியிருந்தது. மேலே யாரும் இல்லை. எதிரே காலியாக ஒரு பலகை. கை தன் பாட்டுக்கு டேப்பைக் கிழித்தது. படத்தைப் பலகையின் நடுவில் காய ஒட்டிவிட்டுக் குனிந்து பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்.

நிமிர்ந்தபோது மனநிலைக் குழு முழுவதும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணில் நீர் நின்றது.

"யார் இதை வச்சது?"

வேலை போயிற்று என்றே டேப்பு நினைத்தார். "நான்தாங்க. தெரியாம பண்ணிட்டேன். சும்மா காயறதுக்காகத்தான்..."

"காயறதுக்காக" என்று மேடம் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "கேட்டீங்களா? காயறதுக்காக! நாம ஆறு மாசமா தேடின சொல்லு."

குழு முழுவதும் அதை எழுதிக்கொண்டது.

"சட்டை போடறவன் எதை மறைக்கிறான்?" என்று மேடம் கேட்டார். குழு குனிந்து தன் சட்டையைப் பார்த்தது. "நெஞ்சை மறைக்கிறான். அப்ப பெட்டி என்ன செய்யணும்? நெஞ்சைத் திறக்கணும். இது யாரோட நெஞ்சு?"

"எங்கப்பாவோடதுங்க. உடம்பு சரியில்லீங்க."

"உடம்பு சரியில்லாத நெஞ்சு!" என்றார் மேடம், லாட்டரி விழுந்தவர் குரலில். "ஊசி!"

ஊசிப் பொறுப்பாளர் சாவியை எடுத்தார். அந்த அறையில் அதுவரை யாரும் பார்த்திராத சிவப்பு ஊசிகள் வெளியே வந்தன. படத்தின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாகக் குத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். வேலை போகவில்லை என்கிற நிம்மதியில் டேப்பும் சேர்ந்து தட்டினார்.

செவ்வாய்க்கிழமை படத்தைக் கேட்கப் போனார்.

"எடுக்க முடியாது" என்றார் ஊசிப் பொறுப்பாளர். கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார். "சிவப்பு குத்தியாச்சு."

"வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட காட்டணுங்க. அந்தப் படம் இல்லாட்டி டோக்கனே தரமாட்டாங்க. புதுசா எடுக்கிறதுக்கு அடுத்த மாசம்தான் வரிசை வருமாம்."

"உங்க கஷ்டம் புரியுது. என் கஷ்டத்தையும் பாருங்க. இன்னிக்கு ஒரு அப்பாவுக்காக எடுத்தா, நாளைக்கு ஒருத்தர் அம்மாவுக்காகக் கேப்பார். அப்புறம் பலகையில என்ன மிஞ்சும்? எனக்கும் அப்பா இருந்தார். அவர் போனப்பகூட நான் ஊசியை விட்டுட்டுப் போகலை."

டேப்பு அழுதுவிட்டார். சத்தம் கேட்டு மேடம் வந்தார். அவர் டேப்புவின் தோளைத் தொட்டு, "இதை இப்படி வீணாக்காதீங்க, உள்ள வாங்க" என்றார். குழு வட்டமாக உட்கார்ந்தது. ஒலிப்பதிவுக் கருவியை நடுவில் வைத்து, அழுததை ஆரம்பத்திலிருந்து இன்னொரு முறை அழச் சொன்னார்கள். இரண்டாவது அழுகையில் நம்பகத்தன்மை குறைவு என்று குழுவில் ஒருவர் வருத்தப்பட்டார்.

"அப்பா எப்படி இருமுவார்?" என்று மேடம் கேட்டார்.

டேப்பு இருமிக் காட்டினார். குழு இருமிப் பார்த்தது. அறை முழுவதும் கொஞ்ச நேரம் ஒரே இருமல்.

"இல்லை" என்று மேடம் டேப்புவைத் திருத்தினார். "நீங்க தொண்டையிலேர்ந்து இருமறீங்க. படத்தைப் பாருங்க. அது இன்னும் ஆழத்துலேர்ந்து வரணும்."

ராத்திரி முழுக்க ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் படுத்து அந்த இருமலைக் கேட்டவர் டேப்பு. ஆனாலும் படம் கிடைக்குமே என்று மேடம் சொன்னபடியே இருமினார். எலிக்கு உயிர் போகிறது, பூனைக்கு விளையாட்டாக இருக்கிறது. "இப்பதான் உங்கப்பா மாதிரி இருக்கு" என்று மேடம் பாராட்டினார்.

வீட்டில் மனைவி கொதித்துப் போனாள்.

"என்னங்க இது அநியாயம்? மாமாவோட படத்தைக் கொடுக்க இவங்களுக்கு என்ன வலிக்குது? ரெண்டு ஊசியைப் பிடுங்கறதுக்கா ஊரைக் கூட்டறாங்க?"

"நாலு ஊசி. சிவப்பு."

"பச்சையா இருந்தா என்ன, சிவப்பா இருந்தா என்ன! நான் வந்து பிடுங்கவா?"

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "சும்மா இரும்மா. அவன் கம்பெனியில நம்ம படத்தை மாட்டியிருக்காங்க. முப்பது வருஷம் சீட்டு கிழிச்சேன், ஒரு டிப்போவுல என் படத்தை மாட்டினானா?" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் இருமினார். மேடம் சொன்னது சரிதான் போல என்று டேப்புக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

புதன்கிழமை அப்பாவையே அழைத்து வரச் சொன்னார்கள். நோயாளியை நேரில் பார்த்தால் மனசு இளகிப் படத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று டேப்பு கணக்குப் போட்டார். அப்பா பழைய பெட்டியைத் திறந்து கல்யாணத்துக்குப் போகிற சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். குழு படத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடியும் படத்தைப் பார்த்தது.

"படத்துல இருக்கிற ஆழம் ஆள்கிட்ட இல்லையே" என்றார் ஒருவர்.

"சட்டை கெடுக்குது" என்றார் இன்னொருவர். அப்பா சட்டையைக் கழற்றினார். ஏசிக் குளிரில் அவருக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது.

மேடம் முகம் சுளித்தார். "ஐயா, கொஞ்சம் இருமாம இருக்கீங்களா? நாங்க உங்க இருமலைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம். கவனம் கலையுது."

"ரைட் ரைட்" என்று அப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் பேசி முடிக்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். இருமலை அடக்கி அடக்கி முகம் கறுத்துப் போயிற்று. கடைசியில், படமே போதும், ஆள் தேவையில்லை என்று முடிவாயிற்று. அப்பாவுக்கு ஒரு சாக்லேட் கொடுத்து அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை பலகைக்குத் திரை போட்டுவிட்டார்கள். போட்டிக் கம்பெனிக்காரன் கண்ணில் மனநிலை பட்டுவிடக் கூடாதாம். டேப்பு திரைக்கு வெளியே நின்று கெஞ்சினார். காலில் விழுந்தார். கடைசியில் மேடத்துக்கே மனசு இளகிவிட்டது.

"நாங்க என்ன கல்நெஞ்சுக்காரங்களா? ஒரிஜினலைத் தர முடியாது, விதி இருக்கு. ஆனா நாளைக்குக் காலையில ஒரு காப்பி தர்றேன். எங்ககிட்ட இருக்கிற மிஷின் எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடையாது. முகாம்காரங்க கொடுத்தது ஒரே அழுக்கு. எங்க பசங்க கையால ஒரு தடவை சரி பண்ணித் தருவாங்க. ஒரிஜினலே வெக்கப்படும், பாருங்க."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். வெள்ளிக்கிழமை காலை பளபளவென்று ஒரு படம் டேப்பு கைக்கு வந்தது. அவர் ஊசிப் பொறுப்பாளரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பெரிய டாக்டர் முகங்களைப் பார்ப்பதில்லை. அத்தனை கூட்டத்தில் முகம் பார்த்துக் கட்டுப்படியாகாது. கையை நீட்டுவார், படத்தை வைக்க வேண்டும். வாங்கி விளக்குப் பலகையில் செருகினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமான நெஞ்சை இந்த வருஷம் நான் பார்க்கலை. இதுக்கு எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

"முகாம்ல ஒரு நிழல் இருக்குன்னு..."

"முகாம்ல எல்லாருக்கும் நிழல் இருக்கும். மரத்தடியில எடுக்கிறாங்க இல்ல?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, "தூசியில போகாதீங்க பெரியவரே. அடுத்தது!" என்றார். முகாம்காரர்கள் சொல்லி அப்பாவுக்கென்று எழுதி வைத்திருந்த கட்டிலை அடுத்தவருக்குக் கொடுத்தார்கள்.

அப்பா அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடுவரை நடந்தே வந்தார். தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "டாக்டரே அசந்துட்டான்யா" என்றார்.

பெட்டி வந்தது. கறுப்புப் பெட்டி, மேலே வெள்ளை வெள்ளையாக விலா எலும்புகள். நடுவில் பிரித்தால் நெஞ்சு திறக்கிற மாதிரி திறக்கும், உள்ளே வெள்ளைச் சட்டை. மூடியின் வாயை ஒட்டி மூடுவதற்கு ஒரு முத்திரை: கண்ணாடி போன்ற வட்ட ஸ்டிக்கர், அதன் நடுவே புகை மாதிரி ஒரு வெள்ளைப் படலம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஜனங்கள் சட்டையை விட்டுவிட்டுப் பெட்டிக்காக வாங்கினார்கள். முத்திரை ஒட்டுகிற வேலை டேப்புடையது. சுருளிலிருந்து ஒன்றை உரிப்பார், வைப்பார், கட்டைவிரலால் அழுத்துவார். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதே வேலை. கட்டைவிரல் காய்த்துப் போயிற்று.

ஒரு காலிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

இருமல் நிற்கவில்லை. ரத்தமும் வர ஆரம்பித்தது. "எனக்கென்னமோ பயமா இருக்கு மாமா. இன்னொரு தடவை டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்" என்று மருமகள் மன்றாடினாள். அப்பா பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "எதுக்கும்மா? என் நெஞ்சுதான் ஊரெல்லாம் விக்குதே. ஒரு குறை இருந்தா விப்பானா? நீயே பாரு, ஒவ்வொரு எலும்பா எண்ணிக்கோ." அவள் எண்ணினாள். எலும்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அப்பா செத்துப்போனார். கடைசி இருமலின்போது அவர் கை பெட்டியின் மேல் இருந்தது.

கம்பெனி மனிதாபிமானம் உள்ள கம்பெனி. டேப்புக்கு ஒருநாள் விடுப்பு கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அந்தச் சீசனும் முடிந்திருந்தது. சிவப்பு ஊசிகளைப் பிடுங்குகிற சடங்குக்கு டேப்புவை மேலே கூப்பிட்டார்கள். ஊசிப் பொறுப்பாளர் நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுப் பூட்டினார். படத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

"பார்த்துக்குங்க. மூலையில ஊசி ஓட்டையைத் தவிர ஒரு கீறல் கிடையாது. பலகையில இருந்த பொருளுக்கு நான் பொறுப்பு."

டேப்பு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வலப்பக்கத்து நெஞ்சில் வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக ஜன்னல் தெரிந்தது.

"இது என்னங்க?"

"அதுவா? முத்திரை!" என்றார் ஊசிப் பொறுப்பாளர் பெருமையாக. "அந்த வெள்ளைத் திட்டு எலும்போட சமநிலையைக் கெடுத்துட்டிருந்தது. தனியா எடுத்தா எவ்வளவு அழகுன்னு மேடம்தான் கண்டுபிடிச்சாங்க. அளவுகூட மாத்தக் கூடாதுன்னுட்டாங்க, அதே அளவு. அந்த வியாழக்கிழமை வெட்டினோம். ஆனா ஊசியை எடுக்கலை, கேட்டீங்களா? பலகையில இருக்கும்போதே வெட்டினோம். விதி விதிதான்."

டேப்பு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "டாக்டர்கிட்ட கொடுக்கறதுக்குத் தந்தீங்களே, காப்பி..."

"ஓட்டையோடயா கொடுப்போம்? ரெண்டு எலும்பு வரைஞ்சு நிரப்பித்தான் கொடுத்தோம். நம்ம ஆளுக்குக் குறையுள்ளதைக் கொடுக்க மேடத்துக்கு மனசு வருமா?"

டேப்பு கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. அப்பா, அப்பா என்று மட்டும் இடையிடையே கேட்டது. படத்தைப் பிடித்தபடியே மேடத்தின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அங்கே புதுப் பலகை. பலூனும் குழந்தைச் சிரிப்பும் மாம்பழ நிறத் துணியும் பச்சை ஊசியில் தொங்கின. குழு வட்டமாக உட்கார்ந்து சிரித்துப் பழகிக்கொண்டிருந்தது.

மேடம் எழுந்து வந்தார். நிஜமாகவே வருத்தமான முகத்தோடு, அடங்கிய குரலில் பேசினார்.

"அப்பாவைப் பத்திக் கேள்விப்பட்டேன். ரொம்பக் கஷ்டம். ஆனா இந்த முகத்தோட உள்ள வராதீங்க, ப்ளீஸ். துக்கம் போன சீசன். நாங்க இப்ப சந்தோஷத்துல இருக்கோம்."

அவரே டேப்புவை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சிரிப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

டேப்பு கீழே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். போன சீசன் பெட்டிகள் இன்னும் மிச்சம் இருந்தன. பழக்கத்தில் சுருளிலிருந்து ஒரு முத்திரையை உரித்தார். கட்டைவிரல் நுனியில் அது ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பெட்டியில், எத்தனை தரம், இந்த விரலால்! "என்ன டேப்பு, தூக்கமா?" என்று சூப்பர்வைசர் அதட்டினார். டேப்பு மடியிலிருந்த படத்தை மேஜைமேல் விரித்து, முத்திரையை அந்த ஓட்டையின் மேல் வைத்து அழுத்தினார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

வெள்ளிக்கிழமை அவர் படத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எதற்குப் போனார் என்று மனைவிக்கும் சொல்லவில்லை. வரிசையில் நின்றார். டாக்டர் கையை நீட்டினார். வாங்கி விளக்குப் பலகையில் செருகினார். இந்தத் தடவை எழுந்து நின்று பார்த்தார்.

"யாரோடது இது?"

"எங்கப்பாவோடதுங்க."

"நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க. ஆரம்பம்தான். இந்தத் திட்டை மட்டும் வெட்டி எடுத்துட்டா போதும், இன்னும் பத்து வருஷம் இருப்பார். தள்ளிப் போடாதீங்க. திங்கக்கிழமை காலையில ஆளைக் கூட்டிட்டு வாங்க. சொட்டுத் தண்ணி தரக்கூடாது, வெறும் வயித்தோட இருக்கணும்."

"வெறும் வயித்தோடதாங்க இருக்கார்" என்றார் டேப்பு.